மனப்பாடம் செய்ய முடியாத அலை

முப்பத்தாறு வயதில் ஓய்வு பெறுகிறவன் ஒன்று கிரிக்கெட் வீரனாக இருக்க வேண்டும், இல்லை நானாக இருக்க வேண்டும். எங்கள் டாக்டரம்மா வைதேகி, மயிலாப்பூர் தெப்பக்குளத்தை ஒட்டிய சந்தில் மாடியில் நடத்திவந்த நரம்பியல் கிளினிக்கை வயது காரணமாக மூடிவிட்டார். படிப்பை முடித்த கையோடு அங்கே சேர்ந்தவன் நான். வேறு இடம் பார்த்ததில்லை. அவர் ஓய்வு பெற்றபோது என்னையும் சேர்த்து மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள்.

இனி அடையாற்றில் ஒரு கல்லூரியில், நரம்புச் சோதனைக் கருவிகளை இயக்கப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போகிறேன். சேர்வதற்கு முன்பே பார்க்கப் போயிருந்தேன். ஒரு பெண் எழுந்து, "சார், இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் எம்.ஆர்.ஐ. எடுத்துர்றாங்க. தலையில ஒயர் ஒட்டுற நம்ம வேலைக்கு இனிமே மவுசு இருக்குமா?" என்று கேட்டாள். வகுப்பே என்னைப் பார்த்தது. அங்கே ஏதோ சமாளித்துவிட்டு வந்தேன். ஒழுங்கான பதில் இதுதான்.

என் அம்மா அசோக் நகரில் தள்ளுவண்டியில் துணி தேய்ப்பவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தாண்டிய விதம் ஒன்றே ஒன்றுதான்: மனப்பாடம். புரிந்தாலும் புரியாவிட்டாலும் முற்றுப்புள்ளி உட்பட ஒப்பிப்பேன். கல்லூரியிலும் அப்படியே ஒப்பித்துப் பட்டயம் வாங்கினேன். வேலை கேட்டுப் போன அன்று டாக்டரம்மா, "மூளையில பார்வைக்கான இடம் எது?" என்று கேட்டார். பாடப்புத்தகப் பத்தியை மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அழகா ஒப்பிக்கறே. இப்போ உன் தலையில தொட்டுக் காட்டு" என்றார்.

நான் நெற்றியைத் தொட்டேன்.

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காபி டவராவில் பாதி மேஜையில் கொட்டியது. "பின்னாடிடா ஏழுமலை, பின்னாடி! கண்ணு முன்னாடி இருக்கு, பார்க்கற மூளை பிடரிக்கு மேல இருக்கு. நாளைக்கே வந்துடு." அந்தக் காபியை நான்தான் துடைத்தேன். துடைக்கும்போது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பயமில்லாமல் நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

என் வேலைகளில் எனக்குப் பிடித்தது வி.இ.பி. என்ற சோதனை. கண் பார்த்த சேதி மூளையின் பின்பக்கம் போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளப்பது. மூக்கின் மேட்டிலிருந்து பிடரியில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முடிச்சு வரை டேப்பால் அளக்க வேண்டும். அந்த நீளத்தில் பத்தில் ஒரு பங்கு முடிச்சுக்கு மேலே ஏறி, பென்சிலால் குறி வைக்க வேண்டும். அங்கே தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பசை வைத்து, சின்ன உலோகக் கிண்ணம் போன்ற ஒயர் முனையை ஒட்ட வேண்டும். பிறகு விளக்கை அணைத்து, திரையில் கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டங்களை இடம் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நடுவிலிருக்கும் சிவப்புப் புள்ளியையே பார்க்கச் சொல்வோம். நல்ல நரம்பாக இருந்தால், கட்டம் மாறி நூறு மில்லி செகண்டை ஒட்டி ஒரு அலை எழும். கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு.

சொல்ல எளிது. மயிலாப்பூரில் செய்து பாருங்கள். எண்ணெய் இல்லாமல் தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள் என்று போனில் சொல்வோம். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, சாம்பிராணி போட்டு, அப்புறம் 'காய்ஞ்ச தலையோட டாக்டர்கிட்ட எப்படிப் போறது' என்று ஒரு கை தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வருவார்கள். பசை வழுக்கும். ஒயர் கழன்று மடியில் விழும். அந்த அறையில் ஒரு ஷாம்பு பாட்டிலும் வாளியும் எப்போதும் இருக்கும். நானே எத்தனையோ பேருக்குத் தலை அலசிவிட்டிருக்கிறேன். அம்மாவிடம் சொன்னபோது, "டாக்டர் ஆபீஸ்ல வேலைன்னு சொன்ன, சலூன்ல சேத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

தேவியின் தலையிலும் எண்ணெய் இருந்தது. அவளுடைய கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த பெண். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரத்தில் பிறந்து வளர்ந்து, குடிசைகளை அகற்றியபோது குடும்பத்தோடு ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டவள். கனரக வாகன லைசென்ஸுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். டவுன் பஸ் ஓட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. அவளைக் கிளினிக்குக்கு இழுத்துவந்தவர் அவள் அப்பா குப்பன். பெயின்டர்.

"ஆட்டோவ பிள்ளையார் கோயில் படிக்கட்டு மேல ஏத்திட்டா சார். லெஃப்ட்டு கண்ணு வலிக்குதுன்னு ஒரே பேஜாரு. கேட்டா ஒண்ணும் இல்லன்னு டபாய்க்கிறா."

"நைனா, சும்மா கெட. பிள்ளையார்தான் ரோட்டுக்கு வந்து உக்காந்துகினு கீறாரு" என்றாள் தேவி.

எங்கள் வழக்கப்படி, டாக்டரைப் பார்க்கும் முன்பே பார்வை அட்டையைப் படிக்க வைப்போம். தேவி வலது கண்ணால் கடைசி வரி வரை படித்தாள். இடது கண்ணாலும் கடைசி வரி வரை படித்தாள், இன்னும் வேகமாக. குப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அட்டையைப் பிடித்திருந்த நான் 'இரண்டு கண்ணும் முழுப் பார்வை' என்று குறித்து உள்ளே அனுப்பினேன்.

டாக்டரம்மா டார்ச்சை எடுத்து ஒவ்வொரு கண்ணிலும் மாற்றி மாற்றி அடித்தார். வலது கண்ணில் ஒளி பட்டால் கண்பாப்பா சுருங்கியது. இடது கண்ணுக்கு டார்ச் போனதும், சுருங்க வேண்டியது சோம்பலாக விரிந்தது. மறுபடி பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏழுமலை, இவ வாய் சொல்றதும் கண்ணு சொல்றதும் ஒத்துப் போகலை. வி.இ.பி. பண்ணிண்டு வா."

வாளி, ஷாம்பு எல்லாம் முடிந்து, ஈரத்தலையோடு தேவி நாற்காலியில் உட்கார்ந்தாள். டேப் வைத்து அளந்தபோது, "இன்னா சார், தலைக்கு பிளவுஸ் தைக்கப் போறியா?" என்றாள். விளக்கை அணைத்தேன். வலது கண்: அலை அழகாக, சரியான நேரத்தில். இடது கண்: தட்டையாகவே போய்க்கொண்டிருந்த கோட்டில், வெகு தாமதமாக, சின்னதாக ஒரு மேடு. புள்ளியைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தாலும் அலை கெட்டுப்போகும் என்பதால் இரண்டாவது முறை எடுத்தேன். அதே இடத்தில் அதே மேடு.

விளக்கைப் போட்டதும் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் காட்டினேன். "வலது கண்ணைப் பொத்திக்க. இன்னைக்கு ராகு காலம் எப்போன்னு போட்டிருக்கு?"

தேவி காலண்டரை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"எனக்கு ராகு காலத்துல நம்பிக்கை இல்ல சார்."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஆனால் கையை வலது கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அந்தக் கைக்குக் கீழேயிருந்து கண்ணீர் வழிந்தது.

எங்கள் காத்திருப்பு பெஞ்சு பார்வை அட்டைக்கு நேர் எதிரே இருக்கும். அத்தனை வருஷமாக அது யாருக்கும் தப்பாகத் தோன்றியதில்லை. தேவி அங்கே உட்கார்ந்து, நல்ல கண்ணால் அட்டை முழுவதையும் மனப்பாடம் செய்திருக்கிறாள்.

"லைசென்ஸுக்கு போற எடத்துல எல்லாரும் அப்டித்தான் சார் பண்ணுவாங்க. இங்க ஃபெயிலாயிட்டா எழுதி வெச்சிருவீங்க. அப்றம் பஸ்ஸு எப்டி குடுப்பான்?"

இன்னொருவராக இருந்தால் கோபம் வந்திருக்கலாம். எனக்கு எப்படி வரும்? எதிரே ஒரு அட்டையும் அதிகாரத்தோடு ஒரு ஆளும் நின்றால், எங்களைப் போன்ற வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு அது பரீட்சைதான். பரீட்சை என்றால் பாஸாகியே தீர வேண்டும்.

"தேவி, அட்டையை மனப்பாடம் பண்ணலாம். இதைப் பண்ண முடியாது" என்று திரையிலிருந்த அலையைக் காட்டினேன். "இது உன்னைக் கேக்காமலே பதில் சொல்லிடும். வா, டாக்டரம்மாகிட்ட நீயே சொல்லு."

சொன்னாள். கண்ணை அசைத்தால் வலிக்கிறது என்றாள். இடது கண்ணுக்குச் சிவப்பு விளக்கு வெளுத்துத் தெரிகிறது, "வெயில்ல காஞ்ச பிளாஸ்டிக் பக்கெட்டு மாதிரி" என்றாள். டாக்டரம்மா திட்டவில்லை. "கெட்டிக்காரி. ஆனா கெட்டிக்காரத்தனத்தை என்கிட்ட காட்டாதே, ஆர்.டி.ஓ.கிட்டயும் காட்டாதே" என்றார். மறுநாளே பார்வை அட்டை உள்ளறைக்குப் போய்விட்டது.

கண் நரம்பில் அழற்சி. அது ஒரு தடவையோடு போய்விடலாம். அல்லது எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸின் முதல் மணியடிப்பாகவும் இருக்கலாம். உடம்பைக் காக்கிற படையே ஆள் தெரியாமல், மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் மேலுறையைத் தாக்குகிற நோய் அது. இன்று கண், பிறகு கால், பிறகு கை என்று விட்டுவிட்டு வரும். தேவி பஸ் ஓட்டுவாளா மாட்டாளா என்பது இந்த இரண்டில் எது என்பதில் இருந்தது.

சில நாள் ஊசி போட்டு வீக்கத்தை அடக்கினார்கள். நடுவே சோதனைகள். எம்.ஆர்.ஐ. எடுத்தோம். முதுகுத்தண்டு நீர் எடுத்தோம். அந்த நீரை லேபுக்குக் கொண்டுபோகும்போது அதே நேரத்தில் எடுத்த ரத்தமும் கூடப் போக வேண்டும். பிள்ளைகளே, இதை மறக்காதீர்கள். நீரில் எதிர்ப்புப் புரதக் கோடுகள் தெரிந்தால் போதாது, ரத்தத்தில் இல்லாத கோடுகளா என்று ஒப்பிட்டால்தான் அதற்கு அர்த்தம். இரண்டு குழாய்களையும் பெட்டியில் வைத்து நானே தி.நகர் வரை எடுத்துப் போனேன். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் அந்தப் பெட்டியைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்ததைப் பார்த்த ஒரு கடைக்காரர், "சார், நகையா? உசாரு" என்றார்.

முடிவுகள் வந்த அன்று டாக்டரம்மா அவருடைய வழக்கத்தைச் செய்தார். சேதி சொல்லும்போது அவர் தன் நாற்காலியில் உட்கார மாட்டார். பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு, நோயாளியைவிடத் தாழ்வாக உட்கார்ந்து, அவசரமில்லாமல் சொல்வார். சொல்லி முடித்ததும், "இப்போ நீ டாக்டர், நான் பேஷண்ட். எனக்குச் சொல்லு" என்று நோயாளியைத் தன் சுழல் நாற்காலியில் உட்கார வைப்பார். திருப்பிச் சொல்லத் தெரிந்தால்தான் புரிந்தது என்று கணக்கு. அவருடைய மயிலாப்பூர்த் தமிழுக்கும் எங்கள் ஆட்களின் தமிழுக்கும் இடையில் பாலமாக நான் நிற்பேன்.

தேவி சுழல் நாற்காலியில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு கைகட்டி, வகுப்பில் ஒப்பிப்பது போல ஆரம்பித்தாள்: "மூளையில இரண்டு வெண்புள்ளிகள் உள்ளன. மூளைத்தண்டிலும் கழுத்துத் தண்டுவடத்திலும் புள்ளிகள் இல்லை..."

"நிறுத்து. மறுபடி மனப்பாடமா? நைனாக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார் டாக்டரம்மா.

தேவி யோசித்தாள். அப்பாவைப் பார்த்தாள். கை தானாக ஸ்டியரிங் பிடிப்பது போல எழுந்தது.

"நைனா, வண்டில ஒரு தபா பிரேக்கு புடிக்கல. அதுக்காக வண்டி காலின்னு சொல்லுவியா? மாட்ட. ஆனா அப்டியே வுட்டுடவும் மாட்ட. கீழ குனிஞ்சு பாப்ப. லைனிங் தேஞ்சு கீதா, ஆயில் ஒயுகுதான்னு பாப்ப. அது மாதிரிதான். என் மண்டைல ரெண்டு எடத்துல தேய்மானம் கீது. ஒண்ணுமே இல்லாதவங்களோட பாத்தா எனக்கு இன்னொரு தபா வர்றதுக்கு சான்ஸு ஜாஸ்தி. நெறைய கீறவங்களோட பாத்தா கம்மி. கயுத்துல இல்ல, அது நல்லது. தண்ணில அந்த கோடு இல்ல, அதுவும் நல்லது. கோடு இருந்திருந்தா சான்ஸு ஏறிடும். வேற ஒரு வியாதி கீதாம், பாக்க இதே மாதிரி இருக்கும், அதுக்கும் ரத்தத்துல பாத்துட்டாங்க, இல்ல."

"பிறப்போட வந்தது, வயசு?" என்றார் டாக்டரம்மா.

"வயசு கம்மி, பொம்பள. அது ரெண்டும் சான்ஸ கூட்டும். அத்த இன்னா பண்றது? ஸ்டாக் பார்ட்டு, மாத்த முடியாது."

டாக்டரம்மா முக்காலியில் உட்கார்ந்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மாத்த முடியறது எது?"

"வைட்டமின் டி. சுத்தமா இல்லியாம் நைனா! நாள் ஃபுல்லா வெயில்லதான் வண்டி ஓட்றேன், எனக்கு வெயிலு பத்தலயாம்!"

நியாயமான ஆச்சரியம்தான். ஆனால் அவள் ஓட்டும் கோலம் தெரியும்தானே. முகத்தைச் சுற்றித் துப்பட்டா, கைக்கு உறை, காக்கிச் சட்டை முழங்கை தாண்டி. சென்னை வெயில் அத்தனையும் ஆட்டோ மேல்தான் விழுந்தது, தேவி மேல் விழவில்லை. மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

"அப்றம் பீடி" என்றாள் தேவி, அப்பாவைப் பார்க்காமல்.

குப்பன் நிமிர்ந்தார். "நான் குடிக்கிற பீடிக்கும் அவ மூளைக்கும் இன்னாம்மா சம்மந்தம்?"

"பீடிதான் காரணம்னு நான் சொல்லலை" என்றார் டாக்டரம்மா. "புகை பிடிக்கறவாளுக்கு இந்த வியாதி வர வாய்ப்பும் கூடறது, வந்தா வேகமும் கூடறது. ஒரே அறையில அந்தப் புகையை இழுக்கறவாளுக்கும் நல்லதில்லை. அவ வயசை மாத்த முடியாது. மூளையில இருக்கற புள்ளியை அழிக்க முடியாது. உம்ம பீடியை மாத்தலாமோல்யோ?"

குப்பன் சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்து, எங்கள் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, பின்பு தீப்பெட்டியையும் போட்டார். அவர் அன்றோடு விட்டுவிட்டார் என்று சொல்ல ஆசைதான். இல்லை. வீட்டுக்குள் பற்ற வைக்காமல் வாசல் வரை போய், மாடிப்படி இறங்கி, தெருமுனை வரை போய்க் குடிக்க ஆரம்பித்தார். அந்தத் தெருமுனை தூரமாகிக்கொண்டே போனதால் பிறகு சலித்துப்போய் விட்டுவிட்டார்.

"அப்போ எனக்கு அந்த வியாதி வருமா வராதா? பாஸா ஃபெயிலா?" என்று தேவி கேட்டாள்.

"தெரியாதுடி குழந்தே. இது பரீட்சையே இல்லை. சிலபேர் இப்பவே மருந்து ஆரம்பிச்சுடுவா. உனக்குப் புள்ளி கொஞ்சம், கோடு இல்லை, அதனால கண்காணிச்சிண்டு இருக்கலாம்னு எனக்குத் தோணறது. முடிவு நீ எடு. எடுத்தா, சொன்ன தேதியில ஸ்கேனுக்கு வரணும். வேற எங்கயாவது மரத்தா, ரெட்டையாத் தெரிஞ்சா, மறைக்காம ஓடி வரணும். அதுதான் நீ எனக்குக் குடுக்கற ஃபீஸ்."

தேவி கண்காணிப்பைத் தேர்ந்தெடுத்தாள். மழைக்காலம் வருவதற்குள் இடது கண்ணில் பார்வை திரும்பியது. அடுத்த ஸ்கேனில் புதிய புள்ளி இல்லை. வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் நடந்ததையெல்லாம் தானாகவே சொல்லி, டாக்டரம்மாவின் கடிதத்தையும் நீட்டி, அட்டையை மனப்பாடம் செய்யாமல் படித்து, பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

பார்வை திரும்பினாலும் அலை திரும்பவில்லை. உறை தேய்ந்த நரம்பின் வடு அது. தெளிவாகத் தெரிந்தாலும் சேதி கொஞ்சம் தாமதமாகத்தான் போகும். தேவிக்குக் காட்டினேன்.

"லேட்டா வந்தாலும் வந்துடுச்சில்ல சார்? அப்போ அது நம்ம டவுன் பஸ்ஸு" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள், காலை நேரம், காக்கி உடையிலேயே மாடியேறி வந்தாள். ஏறும்போது இடது பாதம் படியில் தட்டியது. நான் "வாங்க டிரைவர் மேடம்" என்றேன். பதிலுக்கு ஒரு கேலி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"கால் மரத்துப் போச்சு சார். லெஃப்ட்டு. கட்டவிரல தூக்க முடில. வந்துடுச்சில்ல?"

உள்ளே போனதும் யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டினாள். எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் அதிகம், முதலில் அலட்சியம் செய்தது வரை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். குப்பன் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றார்.

டாக்டரம்மா பேனாவை எடுத்து, மரத்த இடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவள் காலிலேயே கோடு வரைந்தார். மெதுவாக, தேசப்பட எல்லை வரைவது போல. கோடு முழங்காலுக்குக் கீழே, காலின் வெளிப்பக்கமாக இறங்கி, பாதத்தின் மேல்பகுதியில் முடிந்தது. முழங்காலைத் தட்டிப் பார்த்தார், உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார். "ம்ம்ம்" என்றார். அவருடைய 'ம்ம்ம்'களில் வகை உண்டு. இது எனக்குப் பிடித்த வகை.

"ஏழுமலை, இந்தக் கால் நரம்பைப் பாரு. முட்டிக்குக் கீழயும் மேலயும் தனித்தனியாத் தட்டணும்."

பாதத்தின் சின்னத் தசையில் ஒயரை ஒட்டி, கணுக்காலில் லேசான மின்சாரம் கொடுத்தேன். நல்ல அலை. முழங்காலின் வெளிப்பக்க எலும்பு முண்டுக்குக் கீழே கொடுத்தேன். நல்ல அலை. முண்டுக்கு மேலே கொடுத்தேன். அலை சிறுத்து, தள்ளாடி வந்தது. சிக்கல் மூளையில் இல்லை, தண்டுவடத்திலும் இல்லை. அந்த முண்டின் மேல் தோலுக்கடியில் ஓடும் நரம்பு, அந்த ஒரே இடத்தில் நசுங்கியிருக்கிறது.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் முடிவைச் சொல்வது டாக்டரின் வேலை. காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். பார்த்தார். "தேவி, நீ பஸ்ஸுல எப்படி உக்காருவே? உக்காந்து காட்டு."

முக்காலி டிரைவர் சீட் ஆனது. என் ஷாம்பு வாளியைக் கவிழ்த்து இடது பக்கம் வைத்து, "இது இன்ஜின் பாக்ஸு" என்றாள் தேவி. குப்பன் ஒரு தட்டை ஸ்டியரிங்காக நீட்டினார். தேவி உட்கார்ந்தாள், கிளட்சை மிதித்தாள், விட்டாள். விட்டதும் இடது முழங்கால் தானாகப் போய் வாளியின் விளிம்பில் சாய்ந்தது, வெளிப்பக்க முண்டு சரியாக விளிம்பின் மேல்.

"நாள் பூரா இப்படியேவா சாஞ்சிண்டிருப்பே?"

"டிராஃபிக்ல கால எங்க வெக்கிறது மேடம்? அது கதகதன்னு கீது, வெச்சா சொகமா..." பாதியில் நிறுத்தினாள். தன் முழங்காலைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். "இதுவா?"

"இதுவேதான். ஆனாலும் சந்தேகத்துக்கு ஸ்கேனையும் பார்த்துடுவோம்."

பார்த்தோம். புதிய புள்ளி இல்லை. வந்து சொன்னபோது குப்பன் டாக்டரம்மாவைக் கும்பிட்டுவிட்டு, வாளியையும் கும்பிட்டார். "ஏய் நைனா, அது தலை கயுவுற பக்கெட்டு!" என்றாள் தேவி. அவளுக்குக் கேலி திரும்பிவிட்டது. பழைய ரெக்சினும் பஞ்சும் வைத்து குப்பனே ஒரு திண்டு தைத்தார். கொஞ்ச நாளில் கட்டைவிரல் எழுந்தது. அந்தத் திண்டை அவள் டிபன் பையோடு தினமும் எடுத்துப் போகிறாள்.

கேள்வி கேட்ட மாணவிக்கு இதுதான் பதில். ஸ்கேன் இல்லாமல் தேவியின் ஆபத்தை எடைபோட்டிருக்க முடியாது. அந்த இரண்டு புள்ளிகளை என் ஒயர் காட்டாது. ஆனால் எங்கே சேதி தடைப்படுகிறது, எந்த இடத்தில் தாமதமாகிறது என்பதைப் புள்ளி சொல்லாது. இரண்டும் வேண்டும். கூடவே, எதிரில் இருப்பவர் உண்மையைச் சொல்லும்படி ஒரு அறையும் வேண்டும்.

கிளினிக்கின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. நோயாளிகள் பழமும் பூவுமாக வந்துகொண்டிருந்தார்கள். தேவி வருஷாந்திரச் சோதனைக்கு அந்த நாளையே கேட்டு வாங்கியிருந்தாள். "கடைசி தலை என்னுதா இருக்கட்டும் சார்." இந்தத் தடவை தலையில் எண்ணெய் இல்லை. அளந்தேன், குறி வைத்தேன், ஒட்டினேன். இடது கண்ணின் அலை வழக்கம்போலக் கொஞ்சம் தாமதமாக, வழக்கம்போல அழகாக எழுந்தது. ஸ்கேன் அறிக்கையும் கையில் இருந்தது, அமைதியாக. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "அமைதியாப் போற ஒவ்வொரு வருஷமும் ஆபத்து கொஞ்சம் குறையறது. இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். புது டாக்டர்கிட்டயும் தேதி தவறாமப் போகணும்" என்றார். தேவி தலையாட்டினாள்.

விளக்கைப் போட்டேன். ஒயரைக் கழற்றும்போது பழக்கத்தில் சுவரைக் காட்டினேன். "வலது கண்ணைப் பொத்திக்க."

பொத்திக்கொண்டாள். காலண்டரின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை இடது கண்ணால், ஒரு தடுமாற்றம் இல்லாமல் படித்தாள்.

"பத்தரைலேர்ந்து பன்னெண்டு." கையை எடுத்துவிட்டு என் பின்னாலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னா சார் நீ, ராகு காலத்துல ரிடையர் ஆவுற?"

"உனக்குத்தான் நம்பிக்கை இல்லையே?"

"எனக்கு இல்ல. உனக்காவ சொல்றேன். உக்காரு, பன்னெண்டு மணிக்கு என் பஸ்ஸு கெளம்புது. மெல்ல போலாம்."